பதிலாள்

தம்பி, ஒரு ஒத்தாசை பண்ணுங்க. அந்த ஜன்னல் சீட்ட எனக்குக் குடுத்துட்டு நீங்க இங்கிட்டு வந்துருங்க. காத்துக்காகக் கேக்கல. வலது பக்கம் ஆள் உக்காந்தா இடிபடுது. இந்தா பாருங்க, முழங்கைக்குக் கீழ ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லாத எடத்துல எதுக்குய்யா வலிக்குதுன்னு டாக்டரக் கேட்டா, அது அப்பிடித்தான் வலிக்குங்கிறாரு. அதுக்கு எதுக்கு டாக்டரு. ம், அந்தப் பையையும் அப்பிடியே தூக்கி மேல வச்சிருங்க. நல்லாருப்பீங்க.

மதுரைக்கா? நானும் மதுரைக்குத்தான். கோர்ட்டுக்குப் போறேன். ஏன் அப்பிடிப் பாக்குறீங்க, கேஸு என் மேல இல்ல. நான் அடிபட்டவன். மொத சாட்சி. அடிச்சது யாருங்கிறீங்க? நான் பெத்த மகன். ஒரே மகன், வீரணன்னு பேரு. கொலை முயற்சின்னு போட்டு உள்ள வச்சிருக்காய்ங்க. இன்னிக்குக் காலையில நான் கூண்டுல ஏறி என்ன சொல்றனோ அதுதான் தீர்ப்பு. மார்க்கெட்டுல அம்புட்டுப் பேரு நின்னாய்ங்க, ஒருத்தனும் ஒண்ணும் பாக்கலன்னு எழுதிக் குடுத்துட்டாய்ங்க. நான் அடிச்சான்னா ஜெயிலு, அடிக்கலன்னா வீடு. இந்த டிரைவரு என்னடான்னா உருட்டிக்கிட்டே போறான். பத்து மணிக்குள்ள நான் போயாகணும்.

நீங்க என்ன சோலி பாக்குறீங்க? மில்லுலயா. காண்ட்ராக்டா? எத்தன வருசமா? ஆறு வருசமா காண்ட்ராக்டா? பர்மனன்ட் ஆளுக ரிட்டயர் ஆகலியா? ஓ, ரிட்டயர் ஆனவரையே திருப்பிக் கூப்பிட்டு அதே நாக்காலியில உக்கார வச்சிட்டாகளா. வச்சுக்கட்டும் தம்பி. அனுபவம்னு ஒண்ணு இருக்குல்ல. நீங்க எதுக்குப் பல்லக் கடிக்கிறீங்க? உங்க வயசுக்கு என்ன அவசரம்? பொறுத்துப் போங்க. இதத்தான் எம் மகன்கிட்டயும் சொன்னேன். பதினெட்டு வருசமா இதையேதான் சொன்னேன், ஒரு நாளும் மாத்திப் பேசல.

எங்க ஊரு வெங்காய மார்க்கெட்டுல சுமை தூக்குறவங்களுக்குச் சங்கம் இருக்கு. மொத்தம் நாப்பது நம்பர். லாரி பத்து வந்தாலும் நூறு வந்தாலும் அந்த நாப்பது பேருதான் மூட்டையில கை வைக்கலாம். நாப்பத்தொண்ணாவது ஆளுன்னு ஒருத்தன் கெடையாது. ஆளுக்கு ஒரு பித்தளை வில்லை, சட்டையில குத்திக்கிரணும். என்னுது எட்டாம் நம்பர். மார்க்கெட்டுல என்னக் காசிமாயன்னு கூப்பிட மாட்டாய்ங்க, எட்டுன்னுதான் கூப்பிடுவாய்ங்க.

சும்மா வந்த நம்பர் இல்ல தம்பி. ரத்தம் சிந்தி வாங்குனது. அந்தக் காலத்துல மண்டிக்காரனுக வெளியூர்லருந்து ஆளக் கொண்டாந்து லாரியோட எறக்குனாய்ங்க, அடிமாட்டுக் கூலிக்கு. எங்க ஆளுக கொக்கியத் தூக்கிட்டாக. கொக்கி பாத்திருக்கீங்களா? மூட்டையக் குத்தி இழுக்கிறது. ஒரு சாண் இரும்பு, நுனி வளைஞ்சிருக்கும். சாக்குல எறங்குற மாதிரியே ஆள் மேலயும் எறங்கும். எறங்கும்போது தெரியாது, உருவும்போதுதான் தெரியும். அன்னிக்கு மார்க்கெட்டு வாசல்ல ஒருத்தனுக்குக் கண்ணு போச்சு. ஒருத்தன் குடலக் கையில பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தே போனான். வெங்காயத் தொலி பூராம் செவப்பாக் கெடந்துச்சு. அப்பிடி வாங்குனோம் இந்த நாப்பது நம்பர. எவனும் தூக்கிக் குடுக்கல, நாங்க வாங்குனோம்.

என்ன? எனக்கு அப்ப எத்தன வயசா? ஒரு மூணு நாலு இருக்கும். நாங்கன்னா எங்கப்பா காலத்து ஆளுகளச் சொல்றேன். எல்லாம் ஒண்ணுதான், கேளுங்க.

மனுசன்னா வயசாகும். முட்டி தேயும், இடுப்பு விட்டுப் போகும். அதுக்குச் சங்கத்துல ஒரு முறை வச்சிருக்கோம். நம்பர்க்காரன் தனக்குப் பதிலா ஒருத்தன எறக்கலாம். அவனுக்குப் பதிலாள்னு பேரு. பதிலாள் தூக்குவான். சாயங்காலம் கூலி நம்பர்க்காரன் கையில வரும். அதுல பாதிய நம்பர்க்காரன் பதிலாளுக்குக் குடுப்பான். தோளுக்குப் பாதி, நம்பருக்குப் பாதி. நியாயமான முறைதான? நம்பர் இல்லேன்னா அவன் மார்க்கெட்டு வாசலக் கூட மிதிக்க முடியாதுல்ல.

இப்ப நாப்பது நம்பர்ல முப்பதுக்கு மேல பதிலாளுதான் ஓடுது. நாங்கள்லாம் சங்கத்து வாசல்ல பெஞ்சப் போட்டு உக்காந்திருப்போம். ஏன், மேற்பார்வை வேணாமா? சின்னப் பயலுக மூட்டையக் கண்டபடி போட்டா வெங்காயம் நசுங்கிரும். அவய்ங்களுக்கு என்ன தெரியும்?

சங்கத்து வாசல்ல அழிச்சாட்டியம் பண்ண விடுறதில்ல. நம்பரும் இல்லாம, பதிலாளாவும் இல்லாம ஒருத்தன் மூட்டையத் தொட்டான்னா கெண்டக்கால்ல கொக்கியால ஒரு குத்து. ஆழமா இல்ல. நடக்கலாம், தூக்க முடியாது. ரத்தினக்குமார்னு ஒரு பய, காலேஜெல்லாம் முடிச்சவன், வேலை கெடைக்கலன்னு வந்து லாரிக்காரன்கிட்டத் தனியாப் பேசி நாலு மூட்டைய எறக்கிட்டான். நாலு இன்னிக்கு, நாளைக்கு நாப்பதாகும். குத்துடான்னேன். யாரச் சொன்னேன்? எம் மகனத்தான். என் பதிலாளு அவன்தான, நான் வேற யாருகிட்டச் சொல்றது? அவன் கொஞ்சம் தயங்குனான். பொடதியில ஒண்ணு விட்டேன். அப்புறம் போய்க் குத்துனான். கை தவறி ஆழமா எறங்கிருச்சு. நரம்பு போயி அந்த ரத்தினக்குமாரு இன்னிக்கும் கால இழுத்துக்கிட்டுத்தான் நடக்குறான். எம் மகன் அன்னிக்கு வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தான். ரெண்டு வாய் சோறு எறங்கல. அவங்க ஆத்தா சுபாவம். அவளும் கோழி அறுத்தா உள்ள போயி உக்காந்துக்கிருவா.

அவன் இருவத்தொரு வயசுல என் பதிலாளா வந்தான். நல்ல தோளு. சும்மா சொல்லக்கூடாது, வேலையில எங்கயும் கொற சொல்ல முடியாது. மத்தவன் ஒரு மூட்டைய எறக்குறதுக்குள்ள இவன் ரெண்டு எறக்குவான். சாயங்காலம் கணக்குப்பிள்ளை கூலிய எங்கிட்ட நீட்டுவாரு, நான் வாங்கிப் பாதிய அவன் கையில வைப்பேன். ஒரு பைசா குறைச்சதில்ல. சொந்த மகன்தானன்னு இன்னும் கொஞ்சம் எடுத்துக்கலாம், எத்தனையோ பேரு அப்பிடி எடுத்துக்குறாய்ங்க, நான் அப்பிடி இல்ல. முறைன்னா முறை.

என் பாதிய நான் என்ன குடிச்சா அழிச்சேன்? மாடி கட்டுனேன். வாடகைக்கு விட்டிருக்கேன். எல்லாம் யாருக்கு? நாளைக்கு அவனுக்குத்தான. அவனும் அவன் பொண்டாட்டி செல்வராணியும் கீழ தகரக் கொட்டகையில இருந்தாக. வாடகையா வாங்குனேன்? பெத்த பிள்ளகிட்ட யாராவது வாங்குவாகளா? கரண்டுக்கு மட்டும் குடுக்கச் சொன்னேன்.

நம்பர மகனுக்கு மாத்தி விடலாம். அதுக்கு விதி இருக்கு. நாப்பது வயசுக்குள்ள இருக்கணும். நாப்பது தாண்டிட்டா மாத்தக்கூடாது. அந்த விதியக் கொண்டாந்ததே நான்தான். ஏழாம் நம்பர்க்காரன் செத்தப்ப அவன் மகன் பம்பாயிலருந்து வந்து நம்பரக் கேட்டான். நாப்பத்தஞ்சு வயசு. இந்த வயசுல என்னத்தடா தூக்குவன்னு கேட்டேன். எல்லாரும் ஆமாமுன்னாய்ங்க, விதியாப் போட்டுட்டோம். அவன் வாசல்ல உக்காந்து ஒரே அழுகை. அழுகாதடான்னு சொல்லிப் பாத்தேன், கேக்கல, செவுட்டுல ஒண்ணு வச்சேன். எந்திரிச்சுப் போயிட்டான். எனக்கா? எனக்கு அப்ப அம்பது தாண்டியிருச்சு. நான் ஏற்கனவே நம்பர்ல இருக்கேன்ல, அது வேற கணக்கு.

எம் மகனுக்கு முப்பது தாண்டுனதுலருந்து ஆரம்பிச்சுட்டான். அப்பா நம்பர மாத்திக் குடுங்கப்பான்னு. மொதல்ல தீவாளிக்குத் தீவாளி கேட்டான். அப்புறம் மாசாமாசம். கடைசியில சோறு போடும்போது மருமக கேக்குறா. பேரன் ஹரீஸு பாலிடெக்னிக்குல கரண்டு வேலை படிக்கிறான். முழுக்கூலி வந்தா அவன் படிப்ப முடிச்சு விட்டுருவோம் மாமா, அப்புறம் உங்கள உக்கார வச்சுச் சோறு போடுறோம்னு சொல்றா. உக்கார வச்சா? நான் இப்ப என்ன நின்னுக்கிட்டா சாப்புடுறேன்? நம்பரு என் சட்டையில இருக்குற வரைக்கும்தான் தம்பி எனக்கு மரியாத. அதக் கழட்டிக் குடுத்துட்டா நாளைக்கு டீக்குக்கூட அவன்கிட்டக் கைய நீட்டணும். எங்க காலத்துல கஷ்டப்பட்டுச் சம்பாரிச்சத இவய்ங்களுக்கு நோகாமக் குடுக்கணுமாம்.

எங்கப்பாவா? எனக்கு எப்பக் குடுத்தாரா? நல்லாத்தான் கேக்குறீங்க. எனக்குப் பத்தொம்பது வயசு இருக்கும். அவருக்கு நாப்பத்தஞ்சு கூட ஆகல, நல்லா வாட்டசாட்டமா இருந்தாரு. ஒரு நாள் காலையில என்னக் கூட்டிட்டுப் போயி வில்லையக் கழட்டி என் சட்டையில குத்தி விட்டுட்டு, நீ தூக்கு, நான் ஆடு மேய்க்கிறேன்னு போயிட்டாரு. பாதியும் கேக்கல, காலும் கேக்கல. கடைசி வரைக்கும் ஆடுதான் மேய்ச்சாரு. பொழைக்கத் தெரியாத மனுசன். அவரு குடுத்தாருங்கிறதுக்காக நானும் குடுக்கணுமா? அப்ப வெலவாசி வேற.

ஆனா ஒண்ணு, நான் குடுக்க மாட்டேன்னு சொன்னதே இல்ல. சித்திரை பொறக்கட்டும் மாத்தித் தர்றேன்னு பத்து பேரு பாக்கச் சொன்னேன். எம் மகனுக்கு நாப்பது ஆகுறதுக்கு இன்னும் அஞ்சாறு மாசம் கெடந்துச்சு. அவன் வாழ்க்கையில மொத தடவையா என் காலத் தொட்டுக் கும்பிட்டான். செல்வராணி பாயசம் வச்சா. புதுச்சட்டை ஒண்ணு எடுத்து இஸ்திரி போட்டு ஆணியில மாட்டி வச்சிருந்தாக, வில்லை குத்துறதுக்கு. எங்கிட்டக் காட்டுனான். நல்லாருக்குடான்னு சொன்னேன்.

சித்திரை மொத கூட்டம். காலையில பத்து மணிக்கு வெங்காயக் கொட்டகையில கூடுனோம். நம்பர்க்காரனுக முன்னாடி நாக்காலியில, பதிலாளுக பின்னாடி நின்னுக்கிட்டு. அன்னிக்கு ரெண்டு விசயம். ஒண்ணு எங்க நம்பர மாத்துறது. இன்னொண்ணு, இந்த நொண்டி ரத்தினக்குமாரு பதிலாளுகளச் சேத்து வச்சுக்கிட்டு ஒரு கோரிக்கை குடுத்திருந்தான். அறுவது தாண்டுன நம்பர்க்காரன் வில்லையக் கழட்டிக் குடுத்துரணுமாம். செத்தாத்தான் எங்களுக்கு வழியான்னு எழுதியிருந்தான். பாத்தீங்களா, எங்கள எப்படா சாவோம்னு பாக்குறாய்ங்க. அத ஓட்டுக்கு விடணும். நம்பர்க்காரனுக்குத்தான் ஓட்டு. எப்பிடி முடியும்னு எங்களுக்குத் தெரியும்.

செயலாளர் பிச்சைமணி, எழுவது தாண்டுனவரு, மொதல்ல எங்க விசயத்த எடுத்தாரு. எம் மகன் புதுச்சட்டையோட முன்னாடி வந்து நின்னான். சர்டிபிகேட்டக் குடுப்பான்னாரு. குடுத்தான். கண்ணாடியப் போட்டுப் பாத்துட்டு, இதுபடி உனக்குப் போன ஆனியிலயே நாப்பது முடிஞ்சு போச்சேன்னாரு. விதிப்படி மாத்த முடியாதேன்னாரு.

அது என்ன ஆச்சுன்னா, அவனப் பள்ளிக்கூடத்துல சேக்கும்போது நான் ஒரு வயசக் கூட்டிச் சொல்லிட்டேன். எங்க பக்கம் எல்லாரும் அப்பிடித்தான். சீக்கிரம் சேத்தா சீக்கிரம் முடிச்சுட்டு வேலைக்கு வருவான்ல. பள்ளிக்கூடத்துல போட்ட வயசுதான கணக்கு. எனக்கு அது நெனப்பே இல்ல தம்பி. நெனப்பு இருந்துச்சுன்னே வைங்க, நான் என்ன செய்யிறது? முந்துன நாளு டீக்கடையில வச்சுப் பிச்சைமணி கேட்டாரு, ஏப்பா எட்டு, சர்டிபிகேட்டக் கேக்கவா, அப்பிடியே விட்டுறவான்னு. விதின்னா எல்லாருக்கும் விதிதானய்யான்னு சொன்னேன். நாளைக்கு ஒருத்தன் வந்து காசிமாயன் தன் மகனுக்கு ஒரு நியாயம், ஊரான் மகனுக்கு ஒரு நியாயம் பண்ணிட்டான்னு பேசக்கூடாதுல்ல.

நாக்காலியில இருந்தவய்ங்க சிரிச்சுட்டாய்ங்க. மாப்பிள்ளை மாதிரி சட்டையப் போட்டு வந்து நிக்கிறான், வயசு போயிருச்சுன்னா யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். நானும் சிரிச்சேன். வேணும்னு இல்ல, எல்லாரும் சிரிக்கும்போது வந்துருச்சு.

அப்பத்தான் ரத்தினக்குமாரு கால இழுத்துக்கிட்டு முன்னாடி வந்தான். பிச்சைமணி கையிலருந்து தாளப் பிடுங்கிக் கிழிச்சு அவரு மூஞ்சியில எறிஞ்சான். பிச்சைமணி எந்திரிக்கிறதுக்குள்ள நாக்காலியத் தூக்கி அவரு மூக்குல எறக்குனான். சத்தம் கேட்டுச்சு தம்பி, மொளகா வத்தல ஒடிக்கிற மாதிரி. அப்புறம் யாரு யார அடிச்சான்னு சொல்ல முடியாது. பின்னாடி நின்ன பயலுக பூராம் முன்னாடி வந்துட்டாய்ங்க. இத்தன வருசமா எங்களுக்குத் தூக்குன பயலுக. கொக்கி அவய்ங்க கையிலதான இருக்கு, எங்க கையில என்ன இருக்கு? முப்பத்திரெண்டாம் நம்பரு தோள்ல ஒருத்தன் கொக்கிய மாட்டி மூட்டைய இழுக்குற மாதிரி தரையோட இழுத்துட்டுப் போனான். அவரு வெத்தலப்பெட்டிய விடாமப் பிடிச்சுக்கிட்டே போறாரு. நானும் சும்மா இல்ல. தராசுக் கம்பிய உருவிக்கிட்டேன். அந்த ரத்தினக்குமாரு நொண்டிக்கால்லயே ரெண்டு வச்சேன், பழைய தழும்புலயே விழுந்துச்சு. கத்துனான் பாருங்க. எனக்கு அறுவத்தாறு வயசு. இந்த வயசுலயும் அடி எறங்குதேன்னு எனக்கே சந்தோசமா இருந்துச்சு.

கொட்டகைக்குள்ள அம்புட்டு அடிதடி நடக்குது, எம் மகன் நின்ன எடத்துலயே நிக்கிறான். புதுச்சட்டை கசங்கல. யாரு பக்கமும் சேரல. அப்பனக் காப்பாத்தவும் வரல, அவய்ங்களோட சேந்து அடிக்கவும் இல்ல. கெழவனுக பாதிப் பேரு ஓடிட்டாய்ங்க. வெளிய லாரி ஆரன் அடிக்குது, மூணு லாரி நிக்குது, வெங்காயம் வெயில்ல காயுது. எனக்கு எரிச்சலாப் போச்சு. டேய், என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிற, லாரி நிக்குதுல்ல, போய்த் தூக்குடான்னேன்.

வேற ஒண்ணும் சொல்லல தம்பி. தினமும் சொல்றதுதான். போய்த் தூக்குடான்னேன்.

நடந்து வந்தான். வேலைக்குத்தான் கெளம்புறான்னு நெனச்சேன். மேடைத்தராசு பக்கத்துல இருவது கிலோ எடைக்கல்லு கெடந்துச்சு, அதக் குனிஞ்சு எடுத்தான். எடை போடத்தான் எடுக்குறான்னு நெனச்சேன். இன்னொரு கையால என் வலது கையப் பிடிச்சுத் தராசு மேடையில வச்சான். கோவமாக்கூடப் பிடிக்கல. ஆஸ்பத்திரியில ஊசி போடப் பிடிப்பாங்கள்ல, அப்பிடி.

"இந்தக் கைதானப்பா தெனம் சாயங்காலம் நீட்டுன" அப்பிடின்னான்.

மொத அடியில விரலு போச்சு. ரெண்டாவதுல மணிக்கட்டு. தராசு முள்ளு அங்கிட்டும் இங்கிட்டும் அடிச்சுக்கிட்டுத் துள்ளுது, நான் அதையே பாத்துக்கிட்டிருக்கேன், வலி வரவே இல்ல. மூணாவது அடியிலதான் வந்துச்சு. நான் கத்துனது மார்க்கெட்டு வாசல்ல டீ ஆத்துறவனுக்குக் கேட்டிருக்கு. ஒருத்தன் தடுக்கல. பதிலாளுக பூராம் அடிச்சுக்கிறத நிறுத்திட்டுச் சுத்தி நின்னு பாக்குறாய்ங்க. ரத்தினக்குமாரு தரையில கெடந்துக்கிட்டுப் பாக்குறான். அம்புட்டுப் பேருக்கும் அன்னிக்குக் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு.

கல்லக் கீழ போட்டுட்டுச் சட்டையக் கழட்டுனான். அந்தப் புதுச்சட்டையக் கிழிச்சு என் கையில இறுக்கிக் கட்டுனான். என்னத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனான். ரோட்ட மறிச்சு நின்ன லாரியெல்லாம் சுத்திக்கிட்டு ஓடுறான், மூச்சு வாங்கல, ஒரு குலுக்கல் இல்ல. நல்லாத் தூக்குனான், அதச் சொல்லணும். பதினெட்டு வருசம் நான் பழக்குன தோளு. என்னச் சேத்து விட்டுட்டு அவனே போலீஸு ஸ்டேசனுக்கு நடந்து போயி, எங்கப்பா கைய ஒடைச்சுட்டேன்னு உக்காந்துக்கிட்டான்.

அதுக்கப்புறம் என்ன. கைய எடுத்துட்டாக. என் பொண்டாட்டி பேச்சியம்மா ஆஸ்பத்திரியில ஒரு நாள் எட்டிப் பாத்துட்டு நேராப் போயி மருமக கூட இருந்துக்கிட்டா. நாப்பது வருசத்துக்கு மேல சோறு போட்டிருக்கேன், நன்றி இல்ல. வெளியாளு எவனும் இப்ப நம்பர்க்காரனுக்குப் பதிலாளா வர மாட்டேங்கிறான், எல்லாம் அந்த நொண்டிப் பய கட்டுப்பாடு போட்டு வச்சிருக்கான். வில்லைய வச்சுக்கிட்டு நான் ஒத்தக் கையோட என்ன செய்ய முடியும்? எட்டாம் நம்பரு சும்மா கெடக்கலாமா? பேரன் ஹரீஸத்தான் கூப்பிட்டேன். அப்பன் உள்ள கெடக்குறான், படிப்புக்கு யாரு கட்டுறதுன்னு கேட்டேன். யோசிச்சான், வந்துட்டான். ரத்த சொந்தம்னு அவனுக்கு மட்டும் கட்டுப்பாட்டத் தளத்தி விட்டுருக்காய்ங்க. மொத வாரம் தோள் தொலி உரிஞ்சு போச்சு, ராத்திரி குப்புறப் படுத்துக் கெடந்தான். இப்பப் பழகிருச்சு. அப்பன விட வேகம். பாதி குடுக்குறேன். அவனுக்கும் ஒரு பைசா குறைச்சதில்ல.

போன வாரம் அவன் வந்து என் முன்னாடி நின்னான். தாத்தா, கோர்ட்டுல அப்பா அடிக்கலன்னு சொல்லிருங்கன்னான். மூட்டை அடுக்கு சரிஞ்சு, எடைக்கல்லு தானா உருண்டு கையில விழுந்துச்சுன்னு சொல்லிருங்க, அப்பா வெளிய வந்துருவாருன்னான். அப்பிடிப் பொய் சொன்னா எனக்கு என்னடா லாபம்னு கேட்டேன். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். பையன் கெட்டிக்காரன், எல்லாம் யோசிச்சுட்டுத்தான் வந்திருக்கான்.

"நீங்க இருக்குற வரைக்கும் நான் உங்க பதிலாளா ஓடுறேன் தாத்தா. நம்பரக் கேக்கவே மாட்டேன். படிக்கப் போக மாட்டேன். ஆனா அப்பாவுக்குத் தண்டனை குடுத்துட்டா மூட்டையத் தொட மாட்டேன்" அப்பிடின்னான்.

சத்தியம் பண்ணுடான்னேன். கைய நீட்டுனான். எனக்குத்தான் வலது கை இல்லியே, இடது கையால வாங்கிக்கிட்டேன். பத்தொம்பது வயசு. பெத்தவனுக்காக எவன் இப்பிடிச் செய்வான் இந்தக் காலத்துல? எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. வளப்புன்னா அது வளப்பு. நானும் மனசு எறங்கிட்டேன். கை போனா போகட்டும், பெத்த பிள்ளைய விட்டுக் குடுக்க முடியுமான்னு முடிவு பண்ணிட்டேன். பெரியவன்னு இருந்தா மன்னிக்கணும்ல.

ஆனா கேளுங்க, கூத்த. இதச் செல்வராணி ஜெயிலுக்குப் போயி அவன்கிட்டச் சொல்லியிருக்கா. சந்தோசப்படுவான்னு நெனச்சு. அவன் கம்பியப் பிடிச்சுக்கிட்டானாம். அப்புறம் சொன்னானாம், கோர்ட்டுல அந்தாளு வாயத் தொறக்குறதுக்கு முன்னாடி நானே எந்திரிச்சு நான்தான் அடிச்சேன்னு சொல்லிர்றேன், பத்து வருசமோ பன்னெண்டு வருசமோ உள்ளயே கெடக்குறேன், எம் பையன் அந்தாளுக்கு ஒரு மூட்டை தூக்கக்கூடாது, நாளைக்கே அவனப் பாலிடெக்னிக்குக்குத் துரத்தி விடுன்னு. அந்தாளுங்கிறான் தம்பி. அப்பான்னு ஒரு வார்த்தை வரல. வெளிய விடுறேங்கிறேன், உள்ள கெடக்குறேங்கிறான். மூளை பிசகிப் போச்சா, இல்ல எம் மேல இருக்குற வன்மமா, எனக்கு வெளங்கல. பெத்த மகன் படிப்பு அம்புட்டு முக்கியமா, அதுக்காக ஒருத்தன் ஜெயில்ல சாவானா?

அதுக்குத்தான் இந்த ஓட்டம் ஓடுறேன். அவன் வாயத் தொறக்குறதுக்குள்ள நான் கூண்டுல ஏறிரணும். வக்கீல்கிட்டக் கேட்டேன், மொத சாட்சி நீங்கதான், நீங்க கல்லு விழுந்துச்சுன்னு அடிச்சுச் சொல்லிட்டா அப்புறம் அவரு சொல்றது நிக்காது, அப்பன் கை போன துக்கத்துல பழியத் தன் மேல ஏத்துக்கிறாருன்னு ஜட்ஜு நெனச்சுக்கிருவாருன்னு சொன்னாரு. பையன் கோர்ட்டு வாசல்ல நிக்கிறான். காலையில போன் போட்டான், தாத்தா கெளம்பிட்டீங்களா, அப்பாவக் கூட்டிட்டு வந்துட்டாங்க, சீக்கிரம் வாங்கன்னு. பாவம், அப்பன் மேல உசுரு.

என்ன தம்பி, நீங்க பாட்டுக்கு எந்திரிச்சு நிக்கிறீங்க? நீங்க எறங்குற எடம் இது இல்லியே. மூஞ்சியத் திருப்பிக்கிறீங்க. நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? உங்க வயசுல எல்லாருக்கும் இந்தக் கோவம்தான், எங்க கஷ்டம் யாருக்குத் தெரியும்.

சரி, எந்திரிச்சதும் எந்திரிச்சீங்க, அந்தப் பைய எடுத்துக் குடுங்க. காளவாசல் வந்துருச்சு, இங்கயே எறங்கி ஆட்டோவப் பிடிக்கிறேன், இந்த வண்டிய நம்புனா ஆகாது. கண்டக்டரு, ஒரு விசிலக் குடுப்பா, கோர்ட்டுக்குப் போகணும். எம் மகன் ஜெயிலுக்குப் போகப் பாக்குறான். நான் உசுரோட இருக்கும்போது போக விட்டுருவேனா.